எத்தனை குழி?

வசந்தி: அக்கா, மண்ணு வாங்கிட்டேன்க்கா!

ராஜாமணி அக்கா: அடி கள்ளி! ஒரு வார்த்தை வாயத் தொறந்தியா? எங்க வாங்குனே? எத்தனை குழி?

வசந்தி: குழியெல்லாம் இன்னும் எடுக்கலைக்கா.

அக்கா: அளக்காமலா பணத்தைக் குடுத்தே? சங்கிலி புடிச்சு அளந்து, நாலு மூலையிலயும் கல்லு ஊனுனப்பறம்தான் முன்பணமே குடுக்கணும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. ஒரு குழி கொறைஞ்சாலும் ஒரு ரூமு போச்சு. பட்டா யாரு பேருல இருக்கு?

வசந்தி: பட்டாவா? பில்லு இவுக பேருல வந்துருக்கு. 10 கிலோ, 480 ரூபா. டெலிவரிக்குத் தனியா 60.

அக்கா: கிலோவா?

வசந்தி: ஆமாக்கா. பாக்கெட் மண்ணு. சுரை போடப் போறேன். கல்லு, புழு, பூச்சி எதுவும் இல்லாம மண்ணை நல்லா சுத்தம் பண்ணி அனுப்புறாங்களாம்.

அக்கா: மண்ணை.

வசந்தி: ஆமா.

அக்கா: சுத்தம் பண்ணி.

வசந்தி: ஆமாங்கறேன்ல.

(அக்கா வெற்றிலையைத் துப்ப வேலியோரம் போய்விட்டு வருகிறார். வருவதற்குள் கணக்குப் போட்டு முடித்திருக்கிறார்.)

அக்கா: கிலோ 48 ரூபா ஆவுது. 2025-26 சீசன்ல கொள்முதல் நிலையத்துல நெல்லு குவிண்டால் 2,500 போட்டான். சன்ன ரகமா இருந்தா மேல ஒரு 45. கிலோ 25 ரூபான்னு வையி. வெளைஞ்சது 25, வெளையாதது 48. நாங்க என்னாத்துக்குடி நாத்து விட்டு, நடவு நட்டு, களை எடுத்துச் சாவுறோம்? நேரா வயலைப் பேத்துப் பையில போட்டு வித்துப்புடலாமே!

வசந்தி: போங்கக்கா, அது வேற இது வேற.

அக்கா: நெல்லுல ஈரப்பதம் 17-க்கு மேல இருந்தா மூட்டையைக் கிட்ட சேக்க மாட்டான். களத்துல கொட்டிக் காய வையின்னுப்புடுவான். உன் மண்ணுக்கு ஈரம் பாத்தாங்களா?

வசந்தி: லேசா சொதசொதன்னுதான் இருக்கு.

அக்கா: அப்ப தண்ணியும் கிலோ 48.

வசந்தி: நம்ம ஊரு மண்ணுல சத்து இல்லைன்னு வீடியோவுல சொன்னாங்கக்கா. 1934-ல மேட்டூர் கட்டுனதுலேருந்து வண்டலு பூரா அணைக்குள்ளயே தங்கிடுதாம்.

அக்கா: தங்குது, இல்லைங்கல. வரவு கொறைஞ்சா இருப்பும் காலின்னு அர்த்தமாடி? உன் வீட்டுக்காரருக்குப் பென்சன் வந்தப்பறம் பேங்குல இருந்த பணமெல்லாம் ஆவியாவா போச்சு? காவிரி குடகுலேருந்து இத்தினி தூரம் சுமந்து கொண்டாந்து போட்ட மண்ணு இது. டெலிவரிக்கு அது 60 ரூபா கேக்கலை. கூப்புடு தூரத்துல குடமுருட்டி ஆறு. வாய்க்கா தூர் வாரி ரெண்டு கரையிலயும் அம்பாரமா கொட்டிக் கெடக்கு. அதைத் தாண்டித்தானே உன் பாக்கெட்டு வண்டி வந்துச்சு? கொண்டா இப்புடி, என்னா இருக்குன்னு பாப்போம்.

(பை பிரிக்கப்படுகிறது. அக்கா ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிகிறார். விரலிடுக்கில் டீத்தண்ணி நிறத்தில் ஒழுகுகிறது. கையை விரித்தால் உருண்டை நிற்கவில்லை, பொலபொலவென்று உதிர்கிறது.)

அக்கா: இதுல மண்ணு எங்கடி? முக்காவாசி தேங்கா நார்த்தூளு. பேராவூரணி பக்கம் கயிறு ஆலை வாசல்ல மலையாட்டம் கெடக்கும். அதுவே வடக்க போயி பை மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்துருக்கோ என்னமோ.

வசந்தி: நார்த்தூளு நல்லதுன்னுதானேக்கா சொல்றாங்க? ஈரம் நிக்குமாமே.

அக்கா: நல்லதுதான், பக்குவம் பண்ணுனா. இந்தக் காப்பித்தண்ணி இருக்கே, அது போவணும். சாக்குல கட்டித் தொட்டியில ஒரு ராத்திரி ஊறப்போட்டுப் பிழி. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் மூணு தடவையாவது மாத்தணும். இல்லாட்டி உப்பும் கறையும் சேந்து நாத்து வேரைக் கருக்கிப்புடும். இன்னொரு சங்கதி. இது மேல காஞ்சு வெளுத்துப்போயிக் கெடக்கும், உள்ள சொதசொதன்னு இருக்கும். நீ மேலாப்புல பாத்துட்டு, அய்யோ காஞ்சுபோச்சேன்னு காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊத்துவே. பத்தாம் நாளு தண்டு அடியில அழுவி, நாத்து தலையச் சாச்சுக்கும். ஊத்துறதுக்கு முந்தி ஆள்காட்டி வெரலை ரெண்டு கணு ஆழத்துக்கு உள்ள விட்டுப் பாக்கணும். ஈரம் தட்டுச்சுன்னா சொம்பைக் கீழ வச்சுட்டுப் போயி வேற வேலையப் பாரு.

வசந்தி: அப்ப வாய்க்கா மண்ணை மட்டும் பையில போட்டா?

அக்கா: அதுவும் ஆவாது. நம்ம மண்ணு தரையில ராசா, தொட்டியில சண்டியரு. நனைஞ்சா களி, காஞ்சா கருங்கல்லு. தொட்டி ஓரமா வெடிச்சு, ஊத்துற தண்ணி அந்த வெடிப்பு வழியா நேரா கீழ ஓடிப்போயிரும், நடுவுல வேருக்கு ஒரு சொட்டு கெடைக்காது. வண்டல் ரெண்டு கூடை, மக்குன எரு ஒரு கூடை, கழுவுன நார்த்தூளு அரைக் கூடை, ரைஸ்மில்லுல கெடைக்கிற கருக்குன உமி அரைக் கூடை. பைக்கு ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து, தண்ணி தெளிச்சு, 10 நாளு நெழல்ல கெடக்கட்டும். பச்சைச் சாணியைப் போட்டுறாதே. வேரு வெந்துபோவும், வெள்ளைப் புழுவும் வைக்கும்.

வசந்தி: உமி கருக்காம அப்புடியே போட்டா?

அக்கா: போடலாம், மக்க நாளாவும். அதுல கெடக்குற நெல்லும் மொளைக்கும். அறுத்துக் கொள்முதலுக்குக் கொண்டு போ.

வசந்தி: கேலி பண்ணாதீங்க. பை 12 இன்ச்சு வாங்கிருக்கேன், 5 பை. போதும்ல?

அக்கா: கத்திரிக்குப் போதும், தக்காளிக்குப் போதும். சுரைக்கா? யானையை ஆட்டுக்கொட்டாயில கட்டுற கதையா இருக்கு. 18 இன்ச்சாவது வேணும், தண்ணி வடிய அடியில நாலு ஓட்டை வேணும். ஓட்டை மேல ஓட்டுச்சில்லைக் கவுத்து வையி, மண்ணு அடைச்சுக்காது. வெதையை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, வெரக்கணு ஆழத்துக்குப் பைக்கு மூணு. மொளைச்சு நாலு எலை விட்டதும் தெடமானதை விட்டுட்டு மத்த ரெண்டையும் கிள்ளிப்புடு. புடுங்காதே, நிக்கிறதோட வேரும் ஆடிப்போவும்.

வசந்தி: போன தடவை வச்ச சுரை 30 பூவாவது பூத்திருக்கும்க்கா. ஒரு காய்கூட நிக்கலை. வீடியோவுல சொன்ன மாதிரி காலையில 6 மணிக்கெல்லாம் எந்திரிச்சு, பூவைத் தொட்டுத் தொட்டு வச்சேன்.

அக்கா: காலையிலயா? அவன் பூசணிக்குச் சொல்லிருப்பான். சுரை சாயங்காலம் பூக்குற சாதி. பூசணிக்குப் பகல் ஷிப்டு, சுரைக்கு ராத்திரி ஷிப்டு. வேலை முடிஞ்சு வீட்டுக்குக் கெளம்புனவனைப் போயி எழுப்பிருக்கே.

வசந்தி: அதான் தொட்டப்ப எல்லாம் வாடுனாப்புல இருந்துச்சா?

அக்கா: பூவுக்கு அடியில காம்பு மட்டும் இருந்துச்சா, குட்டிச் சுரைக்கா மாதிரி உருண்டு இருந்துச்சா?

வசந்தி: காம்புதான். எல்லாத்துலயும் காம்புதான்.

அக்கா: அப்ப 30-ம் ஆம்பளைப் பூவு. மொதல்ல அவனுக வந்து ரெண்டு வாரம் சும்மா நிப்பானுக. பொம்பளைப் பூவு பின்னாடிதான் வரும். அதுவும் மெயின் கொடியில கம்மி, பக்கக் கொடியிலதான் நெறைய. கொடி பந்தல் ஏறுனதும் நுனியைக் கிள்ளிவிட்டா பக்கம் வெடிக்கும். அப்பறம் சாயங்காலம் 6, 7 மணிக்கு ஆம்பளைப் பூவு இதழைப் பிச்சுப் போட்டுட்டு, நடுவுல இருக்குற மஞ்சத்தூளைப் பொம்பளைப் பூவுல தடவு. நீ ஆம்பளைப் பூவையும் ஆம்பளைப் பூவையும் சேத்து வச்சு, விடியக்காலத்துல கல்யாணம் பண்ணிருக்கே.

வசந்தி: (வெட்கத்துடன்) யூரியாகூட ஒரு பிடி போட்டேன்.

அக்கா: அதான் எலை மொறம் மொறமா வந்துருக்கும். காயி எங்கேருந்து வரும்?

வசந்தி: சரிக்கா, ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு நீங்கதானே எப்பயும் சொல்வீங்க? தேடித்தானே வாங்குனேன்!

அக்கா: தேடச் சொன்னது பட்டத்தைடி, மண்ணை இல்லை. பதினெட்டாம் பெருக்குக்கு மொளைப்பாரி போட்டியே, அதுக்கு எந்த மண்ணு?

வசந்தி: வாய்க்கா மண்ணு.

அக்கா: பாக்கெட் மண்ணுல போட்டுப் பாக்கலை? சாமிக்கு ஓசி மண்ணு, சுரைக்கு 480 ரூபா மண்ணு.

வசந்தி: எங்கக் கொல்லையில மண்ணு இருந்தா நான் ஏன்க்கா வாங்கப்போறேன்? கொத்துனா நங்குனு கிராவல்தான் வருது. வீடு கட்டுறப்ப மட்டம் ஏத்தணும்னு மேஸ்திரி 6 லோடு அடிச்சுட்டாரு. அதுக்கு மேல டைல்ஸ்.

அக்கா: இங்க எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. முப்போகம் வெளைஞ்ச வயல்ல கிராவலைக் கொட்டி, மஞ்சக் கல்லு ஊனி, என்னமோ நகருன்னு பேரு வைக்கறது. அப்பறம் அந்த நகருக்குள்ள உக்காந்துக்கிட்டு போன்ல மண்ணு தேடுறது. சரி, அஸ்திவாரம் எடுத்தப்ப வந்துச்சே கருப்பு மண்ணு, அது என்னாச்சு?

வசந்தி: அது எதுக்குக்கா, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. டிராக்டர்காரன்கிட்ட லோடுக்கு 700 ரூபா குடுத்து, எங்கயாச்சும் கொண்டுபோயிக் கொட்டுன்னேன். 3 லோடு.

அக்கா: 2,100 ரூபா.

வசந்தி: ஆமா.

அக்கா: எங்க கொட்டுனான்னு கேட்டியா?

வசந்தி: இல்லையே.

அக்கா: எந்திரிச்சு வா. வேலிக்கு இந்தாண்ட எட்டிப் பாரு. பந்தல்ல என்னா தொங்குது?

வசந்தி: சுரைக்கா. ஒண்ணு, ரெண்டு... ஒம்போது. ஒவ்வொண்ணும் கொழந்தை கணக்கா இருக்கே!

அக்கா: அதுக்கு அடியில பாரு. கருகருன்னு கெடக்குல்ல?

வசந்தி: (நீண்ட நேரம் பார்க்கிறாள்.) அக்கா... அது எங்க மண்ணா?

அக்கா: ஏத்துகூலி, இறக்குகூலி எல்லாம் நீ குடுத்ததுதான். நான் வெதை மட்டும்தான் போட்டேன்.

வசந்தி: அப்ப எனக்கு ஒரு 4 கூடை குடுங்கக்கா, பை ரொப்பிக்கிறேன்.

அக்கா: தாராளமா எடுத்துக்க. மண்ணுல என்னாடி கணக்கு.

(வசந்தி கூடை எடுக்க ஓடுகிறாள்.)

அக்கா: ஏ வசந்தி! கிலோ என்னா வெலைன்னு சொன்னே?