டிரம்ஸ் அடித்தவர் பெயரும் அங்கே இருக்கிறது

கிட்டார் பழகுகிற பிள்ளைகள் முதலில் வாசித்துக் காட்டும் பிட்டு அநேகமாக டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் தொடக்கம்தான். நம்ம குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், நாகர்கோவில் எங்கே கிட்டார் கிளாஸ் நடந்தாலும் வெளியே நின்றால் அது காதில் விழும். யார் போட்ட பாட்டு என்று கேட்டால், விவரம் தெரிந்த பையன் ரிச்சி பிளாக்மோர் என்பான். கிட்டார் அவருடையது, சரி. ஆனால் பாட்டை எழுதியவர்கள் என்று ஐந்து பெயர் போட்டிருக்கிறார்கள்: ரிச்சி பிளாக்மோர், இயன் கில்லன், ரோஜர் குளோவர், ஜான் லார்ட், இயன் பெய்ஸ். பெய்ஸ் டிரம்ஸ் வாசித்தவர். அவர் பெயரும் இருக்கிறது.

அந்தப் பாட்டு உருவான கதையைப் படித்தால் ஐந்து பெயர் ஏன் என்று புரியும். 1971 டிசம்பரில் ஆல்பம் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தில் மோன்த்ரோ என்ற ஏரிக்கரை ஊருக்குப் போகிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரெக்கார்டிங் வண்டியை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்த காசினோவில் வேலையை முடிப்பதாகத் திட்டம். டிசம்பர் 4, நம்ம கோட்டாறு சவேரியார் திருநாளுக்கு மறுநாள், அந்தக் காசினோவில் ஃபிராங்க் ஸாப்பா என்ற அமெரிக்க இசைக்கலைஞரின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஒருவன் ஃபிளேர் துப்பாக்கியால் (ஒளி வெடி விடும் துப்பாக்கி) கூரையைப் பார்த்துச் சுட்டுவிட்டான். கட்டடமே எரிந்துபோனது. உள்ளே மாட்டியவர்களை வெளியே கொண்டுவர ஓடித் திரிந்தவர் மோன்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடங்கிய கிளாட் நாப்ஸ். குழுவினர் ஹோட்டலில் இருந்து, ஏரி மேல் புகை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் பெவிலியன் என்ற அரங்கு ஒன்று கிடைத்தது. ராத்திரி அங்கே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, போலீஸ் வந்துவிட்டது. டேக் முடிகிற வரைக்கும் போலீஸ் உள்ளே வராதபடி குழுவின் ஆட்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்று பதிவானது வெறும் இசைதான். பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை, பெயரும் இல்லை.

மீதி ஆல்பத்தைக் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் வைத்துப் பதிவு செய்தார்கள். இன்னும் ஒரு பாட்டு வேண்டும் என்று வந்தபோதுதான் பெவிலியனில் வாசித்தது நினைவுக்கு வந்தது. தீ விபத்துக்குச் சில நாள் கழித்து, தூங்கி எழும்போது குளோவர் வாயில் வந்த வார்த்தைகள்தான் தலைப்பு. கில்லனும் அவரும் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடியே வரிகளாக்கினார்கள். ஸாப்பா, கிளாட், துப்பாக்கி, ரெக்கார்டிங் வண்டி எல்லாம் பாட்டுக்குள் இருக்கிறது.

இனி ஹெட்போன் போட்டு முதல் ஒரு நிமிடத்தை மட்டும் கேளுங்கள். கிட்டார் தனியாக வருகிறது. பிறகு டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் மெல்ல நுழைகிறது, கூடவே ஆர்கன் அதே பிட்டை எடுத்துக்கொள்கிறது. ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டதால் அதற்கும் கிட்டாரைப் போலக் கரகரப்பு. எது கிட்டார், எது ஆர்கன் என்று பிரிக்க முடியாது. பிறகு டிரம்ஸ் முழுதாக இறங்குகிறது. கடைசியில் பேஸ் கிட்டார். பேஸ் வந்த நொடியில்தான் பாட்டுக்குக் கால் முளைக்கிறது. கிட்டார் பிட்டு முதலில் இருந்து கடைசி வரை ஒன்றேதான். அதன் கீழே மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வதால்தான் நமக்குப் புல்லரிக்கிறது. இதை ஒருத்தர் பாட்டு என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அவர்கள் ஒன்றும் பாசமழையில் இருந்தவர்கள் இல்லை. 1973-இல் இந்தப் பாட்டு அமெரிக்காவில் ஹிட்டான அதே சமயத்தில் கில்லனும் குளோவரும் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஆனாலும் பெயர் விஷயத்தில் யாரையும் விடவில்லை. பாட்டெழுதியவர்களுக்கு வரும் பணத்தில் ஐந்து பேருக்கும் பங்கு என்பதும் அதில் அடக்கம்.

இங்கே என்ன நடக்கிறது? நம்ம மாவட்டத்தில் கோயில் பாடகர் குழு இல்லாத ஊர் குறைவு. கிறிஸ்மஸ் வந்தால் புதுப்பாட்டு, திருவிழா வந்தால் புதுப்பாட்டு. நான் பேஸ் வாசிக்கிற குழுவில் அப்படி ஒரு பாட்டு செய்தோம். அண்ணன் ஒருத்தர் பல்லவியை முனகிக்கொண்டு வந்தார். சரணம் எங்கே போவது என்று தெரியாமல் முழித்தபோது, கீபோர்டு வாசிக்கிற தங்கச்சி கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, மாற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, "இனி பாடுங்கண்ணா" என்றாள். அந்த நிறுத்தத்தில் இருந்துதான் சரணமே பிறந்தது. ரிதம் பேட் வாசித்த பையன் தாளத்தைப் பாதியாகக் குறைத்தான், பாட்டு மொத்தமாக மாறிப்போனது. யூடியூபில் ஏறியபோது 'பாடல், இசை' என்று ஒரே பெயர். கீபோர்டு வாசித்த அந்தப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் பிராக்டிசுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

வில்லுப்பாட்டு பிறந்து வளர்ந்த மண் இது. குடம் அடிப்பவரும், உடுக்கை வாசிப்பவரும், பக்கத்தில் இருந்து வரியை வாங்கிப் பாடுபவரும் இல்லாமல் புலவரால் கதையை நகர்த்த முடியாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது தெரிந்த நாமே கூட்டாகச் செய்த பாட்டுக்கு ஒரு பெயர் போடுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

"டியூன் போட்டவர்தானே இசையமைப்பாளர், மற்றவர்கள் வாசித்தவர்கள்தானே" என்று சொல்வார்கள். நோட்ஸ் எழுதிக் கொடுத்து, அதை அப்படியே வாசிக்கச் சொன்னால் அது சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். பிராக்டிஸ் ரூமில் எல்லாரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்த பாட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. யாருடைய பங்கு எவ்வளவு என்று அளந்து சண்டை போடவும் வேண்டாம். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் என்று போட்டுவிடலாம். குயீன் என்ற ராக் குழுவும் 1989-இல் 'த மிராக்கிள்' ஆல்பத்தில் பாட்டெல்லாம் குழுவின் பெயரில்தான் போட்டார்கள்.

இந்த வருஷக் கிறிஸ்மஸ் பாட்டுகளுக்கு இப்போதே பிராக்டிஸ் தொடங்கியிருப்பீர்கள். வீடியோ ஏற்றுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் மக்கா. யூடியூபில் பாட்டுக்குக் கீழே விவரம் எழுத நிறைய இடம் இருக்கிறது. யார் என்ன செய்தார்கள் என்று பிராக்டிஸ் முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஏற்றும்போது அதை அப்படியே போட்டுவிடுங்கள்.