தடுத்தவனைத் தள்ளிவிட்டார்கள்

நேற்று இரவு, 2025 ஆகஸ்ட் 13, இத்தாலியின் உதினே நகரில் பாரிஸ் அணி டோட்டன்ஹாமைப் பெனால்டியில் வென்ற ஆட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விளக்குவதற்காக எழுதவும் இல்லை, எரிச்சலில் எழுதுகிறேன். காலையில் எழுந்து கைப்பேசியை எடுத்தால், "பார்த்தீர்களா, புதுப் பையன் பெனால்டியையே தடுத்துவிட்டான், உங்கள் டொன்னாரும்மாவுக்காக இனி யார் அழப்போகிறார்கள்?" என்று நான்கு பேர் வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொருவர் ஒரு படி மேலே போய், 2021இல் நான் எழுதிய பதிவைப் படம் பிடித்து ஒட்டியிருக்கிறார். அந்தப் படத்துக்குக் கடைசியில் வருகிறேன். ஓடிப்போகமாட்டேன், கவலைப்பட வேண்டாம்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். கோல்கீப்பரின் வேலை பந்தைத் தடுப்பது. ஜான்லூயிஜி டொன்னாரும்மா பந்தைத் தடுத்தான். தடுத்ததால் பாரிஸ் அணிக்கு அதன் சரித்திரத்தில் முதல் சாம்பியன்ஸ் லீக் கிடைத்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கோப்பையை வென்றதால் கிடைத்த சூப்பர் கோப்பை ஆட்டம், அதுவும் அவன் பிறந்த நாட்டில் நடக்கிறது, அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. உட்காரவைத்திருந்தால்கூட ஒரு கணக்கு. பெயரே இல்லை.

("அவன்" என்று எழுதுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 2015 அக்டோபரில் சசுவோலோ அணிக்கு எதிராக ஏசி மிலான் சட்டையில் அவன் இறங்கியபோது வயது 16 வருடம் 8 மாதம். அன்றிலிருந்து பார்க்கிறேன். வீட்டுப் பையனை அவர் இவர் என்று சொல்ல நாக்கு வரவில்லை.)

இந்த வசந்தத்தில் அவன் செய்ததை மறந்துவிட்டீர்களா, அல்லது ஆட்டங்களைப் பார்க்காமல் கோல்களின் துண்டுக் காட்சிகளை மட்டும் பார்த்தீர்களா? ஆன்ஃபீல்டில் லிவர்பூல் ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே பெனால்டியில் நூன்யெஸையும் கர்டிஸ் ஜோன்ஸையும் தடுத்தது யார்? பர்மிங்ஹாமில் ஆஸ்டன் வில்லா மூன்று கோல் போட்டு மூச்சுமுட்ட வைத்தபோது, இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் ஒரு கோல் வித்தியாசத்தில் அணி தப்பியதே, அன்று வில்லாவின் டீலமன்ஸ் தலையால் முட்டியதை எடுத்தது யார்? லண்டனில் ஆர்சனல் அணியின் மார்ட்டினெல்லி தனியாக வந்தான், தடுத்தான். ட்ரோசார் தனியாக வந்தான், விரல் நுனியால் தடுத்தான். அடுத்த வாரம் பாரிஸில் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மார்ட்டினெல்லி, பிறகு ஓடெகார்ட். இத்தனைக்கும் பிறகுதான் மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என்று அடித்தார்கள். அன்று அவனுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத அந்த ஒருநாளை வைத்துத்தான், இவன் இல்லாமலும் ஜெயிக்கலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

யாரோ என்ன யாரோ, பாரிஸ் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கேதான். முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று அவரே சொல்லிவிட்டார். உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் அவனும் ஒருவன், மனிதனாக அதைவிட நல்லவன், ஆனால் நாங்கள் தேடுவது வேறு வகை கோல்கீப்பர் என்கிறார். பெண் பார்க்க வந்துவிட்டு, "பெண் தங்கமானவள், ஜாதகம்தான் பொருந்தவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அந்த மரியாதை. சொல்பவருக்கு இலவசம், கேட்பவர் எழுந்துபோய்ச் சமையலறையில் உட்காரவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தம்பி வருவார் என்று தெரியும். "அண்ணே, இது நவீன கால்பந்து. கோல்கீப்பர் பதினோராவது ஆட்டக்காரன். எதிரணி பத்துப் பேரும் ஆளுக்கொருவராக ஒட்டிக்கொண்டு நெருக்கும்போது கோல்கீப்பர் ஒருவன்தான் ஆள் ஒட்டாமல் நிற்பவன். அவன் காலிலிருந்து பாஸ் சரியாகப் போனால் மொத்த நெருக்கடியும் உடையும்." தெரியும் தம்பி. நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே பார்க்கிறேன். கிரிக்கெட்டில் பேட்டிங் தெரியாத விக்கெட் கீப்பருக்கு இடமில்லை என்று ஆனதே, அதுவும் தெரியும். ஆனாலும் கேட்ச் விட்டால் திட்டுகிறீர்கள்தானே? ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவன் முதலில் பிடிக்கவேண்டும், கம்பத்துக்கு நடுவே நிற்பவன் முதலில் தடுக்கவேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

சரி, 2022 மார்ச்சில் மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட் அணியின் பென்செமா ஓடிவந்து நெருக்கியதும் பந்தை வைத்துக்கொண்டு தடுமாறினான். அந்த ஒரு தடுமாற்றத்தில் ஆட்டமே கவிழ்ந்தது. ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு பென்செமா இன்னும் இரண்டு போட்டானே, அந்தப் பதினேழு நிமிடத்தில் தற்காப்பில் நின்ற மற்ற நால்வரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்கள் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருக்காது. கார்னர் பந்துகளுக்கு வெளியே வரத் தயங்குகிறான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள். வரத் தயங்குகிறான்தான். போகட்டும்.

புதிதாக வந்திருக்கும் ஷெவாலியே மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. 23 வயது, லீல் அணியிலிருந்து வந்த நல்ல பையன். பெனால்டியைத் தடுத்தான், கோப்பையும் கிடைத்தது. ஆனால் டோட்டன்ஹாமின் ரொமேரோ தலையால் முட்டிய அந்த இரண்டாவது கோல்? இரண்டு கையும் பந்தில் பட்டது. பட்டும் உள்ளே போனது. நான் எதுவும் சொல்லவில்லை. டொன்னாரும்மாவின் கையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

"ஜெயித்துவிட்டார்களே, பிறகென்ன?" என்ற கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் பொறுக்கவில்லை என்று சொல்கிறேன்.

கல்லூரியில் இரண்டு வருடம் நான்தான் கோல்கீப்பர். செம்மண் மைதானம். விழுந்தால் இடுப்பில் தோல் உரியும், மறுநாள் காலையில் கால்சட்டை புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும், அம்மா வெந்நீர் ஊற்றி ஊற்றிப் பிரிப்பார். இடது கை மோதிர விரல் இன்றும் முழுதாக மடங்காது. மூன்றாம் வருடம் வெளியூரில் இறுதி ஆட்டம். அரையிறுதியில் ஒரு பெனால்டியைத் தடுத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போதே விரல்களுக்குப் பட்டை சுற்றிக்கொண்டேன். மைதானத்தில் பயிற்சியாளர் பதினோரு பெயரைப் படித்தார். முதல் பெயர் என்னுடையதல்ல, முதலாண்டுப் பையன் ஒருவனுடையது. "அவன் உதைத்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டுகிறது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஆட்டக்காரர்கள் தங்கள் கைக்கடிகாரங்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு கோட்டருகே உட்கார்ந்திருந்தேன். எட்டுக் கடிகாரம். எட்டும் எட்டு நேரம் காட்டின. எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் ஆட்டம் முடியவில்லை.

எங்கள் அணி ஜெயித்தது. குழுப் படத்தில் நானும் இருக்கிறேன், ஓரத்தில், முழங்கை வரை கடிகாரங்களோடு. அணி ஜெயிக்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பவன் கைதட்டவும் வேண்டும். தோற்றிருந்தால் குறைந்தபட்சம் நான்கு பேர் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியிருப்பார்கள். அதனால் ஜெயித்துவிட்டார்கள் என்பதை என்னிடம் பதிலாகச் சொல்லாதீர்கள்.

அடுத்தது பணம். வரும் என்று தெரியும், வந்துவிட்டது. "புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தவன்தானே, காசுக்குப் பேயாய் அலைபவன்தானே." ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் பாக்கியிருக்கும்போது பேரம் பேசுவது எந்த ஊரில் குற்றம்? நீங்கள் கூடுதல் சம்பளத்துக்கு வேலை மாறினால் வாழ்த்து, இனிப்பு, புது வீட்டுக்கு முன்பணம். அவன் கேட்டால் பேய். 2017இல் போலந்தில் 21 வயதுக்கு உட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பை நடந்தபோது, அவன் நின்ற கோலுக்குப் பின்னாலிருந்து பொய் டாலர் நோட்டுகளை வீசினார்கள். "டாலரும்மா" என்று பதாகை கட்டினார்கள். அப்போது அவனுக்கு 18. புல்லின் மேல் அந்தக் காகிதங்கள் சிதறிக் கிடக்க, அவன் நின்று விளையாடினான். பேரம் பேசிய முகவர் மினோ ராயோலா மீது ஒரு நோட்டும் விழவில்லை. அந்தக் கோடையிலேயே மிலானோடு மறுபடி கையெழுத்துப் போட்டான், நான்கு வருடம் விளையாடினான். அது யாருக்கு நினைவிருக்கிறது?

இந்த ஜூலையில் அட்லாண்டாவில் பாயர்ன் மியூனிக் அணியோடு நடந்த ஆட்டத்தில் அவர்களுடைய முசியாலாவின் கால் உடைந்தது. பந்தின் மேல் பாய்ந்தவன் இவன். அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்து, புல்லில் குனிந்து அழுதான். அதற்கும் திட்டினார்கள். பாயாமல் நின்றிருந்தாலும் திட்டியிருப்பார்கள். கோல்கீப்பரின் வேலை பந்தைத் தடுப்பது என்று எத்தனை முறை எழுதுவது? பாய்ந்தால்தானே தடுக்க முடியும்? சென்ற டிசம்பரில் மொனாக்கோ ஆட்டத்தில் எதிராளியின் பூட்ஸ் ஆணி அவன் கன்னத்தைக் கிழித்தது, அதையும் பார்த்தோம். அந்தத் தழும்போடுதான் ஆன்ஃபீல்டில் போய் நின்றான்.

இப்போது அந்தப் படம்.

ஆமாம், நான்தான் எழுதினேன். 2021 கோடையில், அவன் மிலானை விட்டு, அந்த அணிக்கு ஒரு யூரோகூடக் கிடைக்காமல், பாரிஸுக்குப் போனபோது, "போய்த் தொலை, உன் முகத்தில் இனி விழிக்கமாட்டேன்" என்று எழுதினேன். மிலான் ரசிகன் நான். 251 ஆட்டம் ஆடியவன். சட்டையிலிருந்த சின்னத்தை முத்தமிட்டவன். தோஹாவில் பெனால்டியில் டிபாலாவைத் தடுத்து, எதிர்க்கோலில் புஃபோன் நின்ற யுவென்டஸிடமிருந்து எங்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன். போகிறேன் என்றதும் வலித்தது, எழுதினேன். போதாக்குறைக்கு அந்த அக்டோபரில் அவன் இத்தாலிச் சட்டையில் மிலானின் மைதானமான சான் சீரோவுக்கு வந்தபோது, சொந்த நாட்டு ரசிகர்களே அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் சீழ்க்கையடித்தார்களே, அந்தக் காணொளியை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்து மகிழ்ந்தேன். அந்த ஆட்டத்தில்தான் ஸ்பெயினிடம் தோற்று, 37 ஆட்டங்களாகத் தோற்காமலிருந்த இத்தாலியின் சாதனை முடிந்தது. அன்று எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை.

அதுவும் எப்போது? லண்டன் வெம்ப்ளியில் பெனால்டியில் இங்கிலாந்தின் சாஞ்சோவையும் சாகாவையும் தடுத்து அதே நாட்டுக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்து மூன்று மாதம்கூட ஆகாதபோது. இப்போதும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்தப் பதிவை எழுதும்போதுதான் அது என் கண்ணில் பட்டது, மேலே போய்ப் பாருங்கள், நானே பெருமையாக எழுதியிருக்கிறேன்.

அந்த வெம்ப்ளிக் காட்சியை இன்று காலை மறுபடி பார்த்தேன். சாகா உதைக்கிறான். இவன் இடப்பக்கம் சாய்ந்து தட்டிவிடுகிறான். எழுந்திருக்கிறான். கத்தவில்லை, ஓடவில்லை, ஏதோ ஒரு வேலையை முடித்தவன்போல நடக்கிறான். ஆட்டம் முடிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. எதிரே நீலச் சட்டைகள் ஓடிவந்து மேலே விழுந்த பிறகுதான் தெரிகிறது.

பழைய பதிவை அழித்துவிடுங்கள், அசிங்கமாக இருக்கிறது என்று உள்பெட்டியில் ஒரு நண்பர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். அழிக்கப்போவதில்லை. படம் பிடித்து ஒட்டியவரும் தாராளமாக ஒட்டிக்கொள்ளட்டும். ஆனால் ஒட்டும்போது அதன் கீழே நீங்கள் போட்ட மூன்று சிரிப்புப் பொம்மைகளையும் சேர்த்து ஒட்டுங்கள் ஐயா, வெட்டிவிட்டு ஒட்டியிருக்கிறீர்கள்.