சல்லிவன் ஆங்கிலப் பெயர் இல்லை

ஊட்டியைப் பற்றி யார் எழுதினாலும் ஜான் சல்லிவன் என்பதை "ஆங்கிலப் பெயர்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்த வாரம் மட்டும் இரண்டு பதிவுகள் பார்த்துவிட்டேன். 1819-இல் நீலகிரி ஏறியவர், கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டியவர், அப்புறம் ஊட்டியில் கல் பங்களா எழுப்பியவர், கோயம்புத்தூர் கலெக்டர், கம்பெனி அதிகாரி, எல்லாம் சரி. அவர் பிறந்தது லண்டன், அதுவும் சரி. ஆனால் பெயர் ஆங்கிலம் இல்லை. அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் விரல் விரலாக நீண்டிருக்கும் தீபகற்பங்களில் வேர் விட்ட ஐரிஷ் பெயர் அது. எந்த மொழியை ஆங்கிலேய ஆட்சி கிட்டத்தட்ட அழித்ததோ அந்த மொழியின் பெயரை "ஆங்கிலப் பெயர்" என்று சொல்வது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. ஒரு கமெண்டில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்த நீளப் பதிவு.

நான் அயர்லாந்தின் தெற்கே கார்க் நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். எங்கள் குழுவில் பதினோரு பேர், அதில் மூன்று பேர் ஓ'சல்லிவன், மூவருக்கும் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை. யாராவது புதிதாக வந்து "நானும் ஓ'சல்லிவன்" என்றால் உடனே "எந்தப் பக்கம்? பீராவா, கென்மேரா?" என்றுதான் கேட்பார்கள், இரண்டும் அந்தத் தென்மேற்கு மூலையில் இருக்கும் இடங்கள். அங்கே அந்தப் பெயரை மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகவே ஆகாது. கிராமங்களில் அதற்கு மேல் ஒரு பட்டப்பெயர் சேர்த்துக்கொள்கிறார்கள், முன்னோர் ஒருவரின் முடி நிறத்தை வைத்து வெள்ளை சல்லிவன் வீடு, சிவப்பு சல்லிவன் வீடு என்கிற மாதிரி. ஐரிஷ் மொழி இன்னும் பேசப்படும் ஊர்களில் குடும்பப்பெயரையே விட்டுவிட்டு, மகன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்றையும் அடுக்கிச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது.

அந்த மூவரில் ஒருவர் பக்கத்து மாவட்டமான கெர்ரியைச் சேர்ந்தவர், வீட்டில் ஐரிஷ் பேசி வளர்ந்தவர். அவர்தான் முதன்முதலில் தன் பெயரை அதன் சொந்த உச்சரிப்பில் எனக்குச் சொன்னார்: ஓ சூலவான். இத்தனை நாள் சல்லிவன் சல்லிவன் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது வேறு ஒருவருடைய பெயர் மாதிரி கேட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது இடுக்கிப் பிடித்துக் குறுக்கிவிட்டார்கள், சூ என்ற நெடில் ச ஆகிவிட்டது, கடைசியில் வரும் வா வெறும் வ ஆகிவிட்டது. அவருடைய மகளுக்கு அதே பெயர் நீ ஹூலவான். மகள் என்பதைக் காட்ட முன்னொட்டு மாறுகிறது, அந்த மாற்றத்தால் பெயரின் முதல் ஒலியே ச-விலிருந்து ஹ-வுக்குப் போகிறது. மணமாகி அந்த வீட்டுக்கு வந்த பெண் ஈ ஹூலவான். ஆக, பெயரைக் கேட்டதுமே மகனா, மகளா, மருமகளா என்று தெரிந்துவிடும். ஆங்கில வடிவத்தில் இதெல்லாம் போய் எல்லோரும் ஒரே ஓ'சல்லிவன்.

இப்போது அந்த 'ஓ'வுக்கு வருகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஐரிஷில் 'மாக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், அதிலிருந்து வழித்தோன்றல் என்ற பொருளும். பேரன் என்ற சொல்லே நம்மிடம் பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ஓ சூலவான் என்றால் சூலவானின் பெயரன், அவ்வளவுதான். ஐரோப்பாவில் பரம்பரையாக வரும் குடும்பப்பெயரை மிக முன்னதாகவே வைத்துக்கொண்டவர்களில் ஐரிஷ்காரர்கள் உண்டு. பத்தாம் நூற்றாண்டிலேயே, 916-ஆம் ஆண்டில் இறந்த கால்வே பகுதித் தலைவர் ஒருவரின் பெயரில், 'ஓ' குடும்பப்பெயராக வந்திருப்பதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அப்புறம் இன்னொன்று, ஆங்கிலத்தில் 'ஓ'வுக்குப் பக்கத்தில் போடுகிற அந்தக் காற்புள்ளி மாதிரியான குறி ஐரிஷில் கிடையாது. அங்கே இருப்பது எழுத்தின் தலைமேல் சாய்ந்த ஒரு கோடு, ஃபாடா என்பார்கள், ஒலி நெடில் என்று காட்டுவதற்கு.

சரி, சூலவான் என்றால் என்ன? 'சூல்' என்பது கண். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தகராறு எல்லாம் மீதிப் பாதியில். கருப்பு என்ற சொல் அதில் ஒளிந்திருக்கிறது, ஆகவே கருவிழியன் என்று ஒரு கட்சி. பருந்துக்கண்ணன் என்று இன்னொன்று. ஒற்றைக்கண்ணன் என்று மூன்றாவது. ஒற்றைக்கண்ணுக்கு ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள்: கேட்டதை இல்லை என்று சொல்லாத ஒரு தலைவனிடம் லவான் என்ற பூசாரி வந்து அவனுடைய கண்ணையே கேட்டானாம், தலைவன் பிடுங்கிக் கொடுத்துவிட்டானாம், கண்ணும் லவானும் சேர்ந்து சூலவான் ஆனதாம். பெயர் முதலில் வந்து, அதை விளக்கப் பின்னால் கட்டிய கதை என்பது பார்த்தாலே தெரிகிறது, இருந்தாலும் எனக்குப் பிடித்த கதை. ஆனால் சுற்றுலாக் கடைகளில் சாவிக்கொத்திலும் கோப்பையிலும் 'ஓ'சல்லிவன், கருவிழியன்' என்று அச்சடித்து விற்கிறார்கள் பாருங்கள், அதை நான் ஏற்கமாட்டேன். நூற்றாண்டுக் கணக்காக அறிஞர்கள் முடிவுக்கு வராத ஒன்றை ஒரு வரியில் முடித்து விற்பது அந்தப் பெயருக்குச் செய்யும் மரியாதை இல்லை. கண் வரைக்கும் உறுதி, அதற்கு மேல் உறுதி இல்லை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் குடி முதலில் இருந்தது கெர்ரியில் இல்லை. டிப்பரரியில், ஷூர் ஆற்றங்கரையின் நல்ல விளைநிலத்தில். நார்மன்கள் 1169-இல் வந்து இறங்கிய பிறகு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இவர்களை மேற்கே தள்ளினார்கள், பாறையும் மழையும் கடலும்தான் அங்கே. அங்கே போய் இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிந்தார்கள். கென்மேர் பக்கம் ஓ'சல்லிவன் மோர், மோர் என்றால் பெரிய. பீரா தீபகற்பத்தில் ஓ'சல்லிவன் பேர், டன்பாய் கோட்டை அவர்களுடையது.

டன்பாய்க்கு நான் ஒரு நவம்பரில் போனேன். கேஸில்டவுன்பேர் என்ற மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, கடற்கழி ஓரமாக நடந்தால் வருகிறது. கோட்டை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, முழங்கால் உயரத்துக்குச் சில சுவர்கள், மேலே புல். 1602 ஜூனில் ஜார்ஜ் கேரூ தலைமையில் ஆங்கிலப் படை பீரங்கிகளோடு வந்து முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் 143 பேர். கிட்டத்தட்ட எல்லோரும் செத்தார்கள், சண்டையில் சாகாதவர்களைத் தூக்கிலிட்டார்கள். முந்தைய குளிர்காலத்தில் கின்சேலில் ஸ்பெயின் படையும் ஐரிஷ் படையும் தோற்றுப்போயிருந்தன, அதற்கு அப்புறம் தெற்கே அடங்காமல் நின்றவர்களில் இந்தக் கோட்டையின் தலைவன் டோனல் காம் முக்கியமானவன்.

டோனல் காம் அப்போது கோட்டையில் இல்லை. அந்த வருடத்தின் கடைசி நாள், 1602 டிசம்பர் 31, கிளென்காரிஃபிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினான். அதில் 400 பேர்தான் படைவீரர்கள், மற்றவர்கள் பெண்கள், குழந்தைகள், வேலைக்காரர்கள். போகவேண்டிய இடம் லீட்ரிம், ஓ'ரூர்க் என்ற நண்பனின் கோட்டை, சுமார் 400 கிலோமீட்டர். நடுக் குளிர்காலம், கையில் ஒரு நாளுக்கு மேல் சோறு இல்லை, வழி நெடுகத் தாக்குதல். தாக்கியவர்களில் பலர் ஐரிஷ்காரர்களே, அரசுக்கு விசுவாசத்தைக் காட்டவேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்கள் அல்லது தங்களிடம் இருந்த கொஞ்சம் தானியத்தையும் இவர்கள் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தவர்கள். ஷானன் ஆற்றுக்கு வந்தபோது ஓடம் இல்லை. குதிரைகளைக் கொன்று, கறியைத் தின்று, தோலை மரக்கொம்புகள்மேல் இழுத்துக் கட்டிப் படகு செய்து கடந்தார்கள். ஜனவரி 14-ஆம் தேதி லீட்ரிம் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர்.

மற்ற எல்லோரும் செத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும், வழியில் பலர் விலகினார்கள், நடக்க முடியாமல் அங்கங்கே ஊர்களில் தங்கிவிட்டார்கள். டோனல் காம் பிறகு ஸ்பெயினுக்குப் போய் 1618-இல் மாட்ரிடில் கொல்லப்பட்டான். அவனுடைய உறவினர் பிலிப் என்பவர் இந்த நடைப்பயணத்தையெல்லாம் லத்தீனில் எழுதி 1621-இல் லிஸ்பனில் அச்சிட்டார். நமக்கு இவ்வளவு விவரம் தெரிவதற்கு அவர்தான் காரணம். இன்று அதே வழியை நடைபாதையாக்கி வைத்திருக்கிறார்கள், மக்கள் விடுமுறைக்கு நடக்கிறார்கள்.

இதற்கு அப்புறம்தான் 'ஓ' உதிர ஆரம்பிக்கிறது. டப்ளினைச் சுற்றி ஆங்கில ஆட்சி இருந்த பகுதியில் 1465-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள், ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளவேண்டும், ஊர்ப் பெயரோ நிறமோ தொழிலோ என்று. 'ஓ'வை ஒழித்ததே இந்தச் சட்டம்தான் என்று பலர் எழுதுகிறார்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், கெர்ரி மலைகளுக்கு அந்தச் சட்டத்தின் கை எட்டியதே இல்லை. 'ஓ' விழுந்தது தோல்விக்குப் பிறகு, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், நிலம் போய், மொழி போய், குத்தகைப் பத்திரத்திலும் வரிப் பதிவேட்டிலும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய காலத்தில். 1831-க்குப் பிறகு வந்த தேசியப் பள்ளிகளிலும் ஆங்கிலம்தான். வேலை வேண்டும், வம்பு வேண்டாம் என்று மக்களே 'ஓ'வை விட்டார்கள். யாரும் துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்கவில்லை, பிடுங்கத் தேவையில்லாத நிலைமையை உண்டாக்கிவிட்டார்கள். எனக்கு இது அந்த 1465 சட்டத்தைவிடக் கொடுமையாகப் படுகிறது.

அயர்லாந்தில் 1890-இல் பதிவான பிறப்புகளை வைத்து மாதிசன் என்ற பதிவுத்துறை அதிகாரி பெயர்களை எண்ணினார். முதலிடம் மர்ஃபி, சுமார் 62,600 பேர் என்று மதிப்பிட்டார். அடுத்து கெல்லி, 55,900. மூன்றாவது சல்லிவன், 43,600. அப்போது அவர்களில் பெரும்பாலோர் 'ஓ' இல்லாத வெறும் சல்லிவன்கள். 1893-இல் கேலிக் லீக் தொடங்கி மொழி மறுமலர்ச்சி வந்த பிறகு, அதிலும் 1922-இல் விடுதலை கிடைத்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக 'ஓ'வைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார்கள். இன்றும் நாட்டில் மிக அதிகமாக இருக்கும் பெயர்களில் ஓ'சல்லிவன் ஒன்று. வேடிக்கை என்னவென்றால் அது அயர்லாந்து முழுக்கப் பரவவே இல்லை, பெரும்பகுதி இன்னும் கார்க், கெர்ரி என்ற இரண்டே மாவட்டங்களில்தான். சிட்னி ஒலிம்பிக்ஸில் 5000 மீட்டரில் வெள்ளி வாங்கிய சோனியா ஓ'சல்லிவன் கூட கார்க் துறைமுகத்து கோவ் ஊர்க்காரர்தான்.

அமெரிக்காவில் பாருங்கள், 'ஓ' இல்லாத சல்லிவன்களே அதிகம். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சக் காலத்திலும் அதற்குப் பின்னாலும் கப்பல் ஏறியவர்கள் 'ஓ' உதிர்ந்த வடிவத்தோடு போனார்கள், ஊரில் 'ஓ' திரும்பி வந்தபோது அவர்கள் அங்கே இல்லை. ஆகவே ஒருவர் பெயரில் 'ஓ' இருக்கிறதா இல்லையா என்பதே அந்தக் குடும்பம் எப்போது கப்பலேறியது என்று கொஞ்சம் சொல்லிவிடும். பீராவில் அலிஹீஸ் என்ற ஊரில் செப்புச் சுரங்கம் இருந்தது, அது படுத்ததும் அந்தத் தொழிலாளர்கள் கூட்டமாக மொன்டானாவின் ப்யூட் நகரச் செப்புச் சுரங்கத்துக்குப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ப்யூட்டின் ஊர்ப் பெயரேட்டில் ஸ்மித்துகளைவிட சல்லிவன்கள் அதிகம். 1942 நவம்பரில் ஒரே போர்க்கப்பலில் இருந்து செத்த ஐயோவாவைச் சேர்ந்த ஐந்து சல்லிவன் சகோதரர்களின் முன்னோரும் பீராக்காரர்கள்தான்.

ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவனும் ஏழை ஐரிஷ் அகதிகளின் மகள். ஐந்து வயதில் கண்நோய் வந்து பார்வையில் பெரும்பகுதியை இழந்தவர், பலமுறை அறுவை செய்து கொஞ்சம் மீட்டுக்கொண்டவர், 1887 மார்ச்சில் அலபாமாவுக்குப் போய்க் கண் தெரியாத, காது கேளாத ஒரு குழந்தையின் உள்ளங்கையில் விரல் அசைவால் எழுத்தெழுத்தாக உணர்த்திச் சொல் கற்பித்தவர். கண் என்று தொடங்கும் பெயர். இது தற்செயல்தான், எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் பெயரை எங்கே பார்த்தாலும் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

கார்க் அலுவலகத்தில் என் கெர்ரி நண்பருக்குச் சம்பள மென்பொருளில் பெயர் ஒழுங்காக வந்ததே இல்லை. ஆங்கில 'ஓ'வுக்குப் பக்கத்துக் குறியைப் போட்டால் 'தவறான எழுத்து' என்று திருப்பி அனுப்பும், ஃபாடாவைப் போட்டால் எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறி வரும். 2021-இல் வந்த மொழிச் சட்டத் திருத்தம், அரசு அமைப்புகளின் கணினிகள் ஐரிஷ் பெயரை ஃபாடாவோடு ஏற்கவேண்டும் என்று சொல்கிறது. ஐந்நூறு வருடத்துக்கு முன் பெயரை மாற்று என்று சட்டம், இப்போது பெயரை அப்படியே எழுது என்று சட்டம்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் தன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். ஓ சூலவான் என்று எழுதிக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஃபாடா எங்கே?" என்றார். பக்கத்திலேயே ஒ என்ற குறிலையும் எழுதி, ஓ-வின் அடியில் இருக்கும் சுழியைப் பேனாவால் தொட்டுக் காட்டினேன்.