சேர்த்து வைப்பது என் வேலை இல்லை

அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கடலூரில் எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் அதுதான். கல்யாண மண்டபம், மாலையும் கழுத்துமாக அந்தத் தம்பதி, சுற்றிலும் வேட்டி சட்டையில் பெரியவர்கள், ஒருவர் கையில் லட்டு. 'பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம்' என்று மேலே எழுத்து. வீட்டில் அடி வாங்குகிற பெண்களுக்கு ஆலோசகராக இருக்கிற எனக்கே பல பேர் அனுப்பிவிட்டார்கள். "மேடம், இதுதான் கவுன்சிலிங். நீங்க கோர்ட்டு, கேஸுன்னு பொம்பளைங்கள அலைய விடுறீங்க" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். நன்றாகத் தெரிந்தவர். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

அந்தப் பெண்ணின் இடது கையைப் பார்த்தீர்களா? மாலைக்குக் கீழே மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. லைக் போட்ட ஒருத்தர்கூட அது என்ன என்று கேட்கவில்லை.

திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன். சேர்த்து வைப்பது என் வேலை இல்லை. பிரித்து வைப்பதும் இல்லை. அடி நிற்க வேண்டும், அதுதான் என் வேலை. அடி நின்ற பிறகு சேர்ந்திருப்பதா தனியாக இருப்பதா என்பதை அவள் சொல்லட்டும். அவள் வாயால் சொல்லட்டும்.

இது நானாக வைத்துக்கொண்ட கொள்கை என்று நினைக்காதீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிகளிலேயே ஆலோசகர் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'இவள் இப்படிச் செய்தாள், அதனால் அடித்தேன்' என்று அடித்தவர் நியாயம் பேச ஆலோசனையில் இடம் கொடுக்கக் கூடாது. இனிமேல் அடிக்க மாட்டேன் என்று அவரிடம் உறுதி வாங்க வேண்டும். இரண்டு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் தவிர, சொந்தக்காரர் ஆலோசகராக உட்காரவே முடியாது. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் கேள்வியே "நீ என்னம்மா பண்ணுன?" என்பதுதான். அந்த மேடையில் நின்றவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா, மாமா முறை. அவர்கள் சேர்த்து வைப்பார்கள். அடுத்த வாரம் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "எப்படி இருக்கேம்மா" என்று கேட்பார்களா?

பண்ருட்டிப் பக்கத்து அக்கா ஒருத்தர் ஞாபகம் வருகிறார். முந்திரி உடைக்கிற வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை தேய்ந்து, ரேஷன் கடையில் கை வைத்தால் மெஷின் எடுக்காது. முதல் நாள் உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்து என் இடப்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எதற்கு என்று புரியவில்லை. அப்புறம் சொன்னார், இடது காது கேட்காது, அறைந்து அறைந்து போய்விட்டது என்று. அதற்கு முன்னால் ஊரில் மூன்று தடவை சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம். காது போனது இரண்டாவது சத்தியத்துக்குப் பிறகு.

அவரைப் பிரித்துவிட்டோமா? இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ இருக்கிற பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுதினார், மனு குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் போனது. வீட்டை விட்டு வெளியேறும்படி கணவருக்குத்தான் உத்தரவு வந்தது. அந்த அக்காவும் பிள்ளைகளும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். பிள்ளைகள் அதே பள்ளிக்கூடம் போனார்கள். குடும்பம் அங்கேதான் இருந்தது.

"பொய்க் கேஸ் போடுறாங்களே" என்று இதற்குக் கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். இந்தச் சட்டத்தில் மனு கொடுத்ததும் யாரையும் பிடித்து உள்ளே போடுவதில்லை. இனி அடிக்கக் கூடாது என்று நடுவர் போடும் பாதுகாப்பு உத்தரவு வந்த பிறகு அதை மீறினால்தான் தண்டனை, அதுவும் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் இரண்டும். இதைப் படிக்காமல் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

"கோர்ட்டு இழுத்தடிக்குதே" என்பது நியாயமான பேச்சு. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் மாசக்கணக்கில் போகிறது. எனக்கும் கோபம்தான். அதற்காக மண்டபத்தில் லட்டு ஊட்டுவதா வழி?

"அவளே சேர்ந்து வாழணும்னு ஆசைப்பட்டா?" தாராளமாக. என்னிடம் வருகிறவர்களில் நிறைய பேர் திரும்பித்தான் போகிறார்கள். யாரையும் நான் தடுத்ததில்லை. கையில் உத்தரவோடு போ, மறுபடியும் கை ஓங்கினால் எங்கே வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு போ என்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஆசைப்பட்டுப் போகிறாளா, போக்கிடம் இல்லாமல் போகிறாளா என்று நீங்கள் யாராவது கேட்டிருக்கிறீர்களா?

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது இங்கேதான். அடிக்கிறவன்மேல் வருகிற கோபத்தைவிடப் பெற்ற வீட்டின்மேல் வருகிற கோபம் பெரிது. கடன் வாங்கி நகை போடுவீர்கள், கட்டில் பீரோ வாங்கி வேன் வைத்து அனுப்புவீர்கள். அதே பெண் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் "காலைல கொண்டு போய் விட்டுட்டு வந்துடுறோம்" என்பீர்கள். அண்ணன் பொண்டாட்டி முகம் மாறும், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், தங்கைக்கு வரன் வராது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள, திருமணமான பெண்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்களுக்கு ஒரு பாய் விரிக்க இடம் கொடுங்கள். எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம், ஒரு பாய் விரியுங்கள்.

"உனக்குக் குடும்பம் இருக்கா, உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இதைப் படிக்கிற பெண்களுக்கு மட்டும் ஒன்று. நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு மாமியார் பேரில் இருந்தாலும் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் உங்களை அங்கிருந்து தள்ளிவிட முடியாது, சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பெண்கள் உதவி எண் 181க்குப் பகல், இரவு எந்த நேரமும் கூப்பிடலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தால், மனுவை வாங்கிப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் எடுக்க முடியாமல் கட்டிய துணியோடு ஓடி வந்தாலும் பரவாயில்லை, வாங்க.