வலது மூளையில் பக்கவாதம் வந்தால் பேச்சுக்குப் பாதிப்பே இல்லையா?

“மொழி முழுக்க இடது மூளையின் வேலை. இடது கை, கால் விழுந்தவருக்கு அடிபட்டது வலது மூளை. பேச்சில் ஒரு குறையும் வராது.” தருமபுரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. பாதிதான் உண்மை.

1861-ல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்காவும் 1874-ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கேவும் இடது மூளைச் சேதத்தால் மொழி குலைவதைக் காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சொற்களும் இலக்கணமும் இடப்பக்கத்தையே அதிகம் சார்ந்தவை. அதுவரை சரி.

சொல்லாமல் சொல்வது வேறு. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் வியாபாரி, “பழம் கனிஞ்சு போச்சேண்ணா” என்கிறார். அதில் விலை என்ற சொல்லே இல்லை. விலையைக் குறைக்கச் சொல்கிறார் என்பது விவசாயிக்கு உடனே புரிகிறது. இடம், குரலின் ஏற்ற இறக்கம், எதிரில் நிற்பவரின் எண்ணம் எல்லாவற்றையும் மூளை சேர்த்தே பொருள் எடுக்கிறது. இதற்கு இரண்டு பக்கமும் உழைக்கின்றன. பிறர் மனதை ஊகிக்கும்போது நெற்றிக்குப் பின்னுள்ள நடுப்பகுதியும், காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள பகுதியும் இயங்குவதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதனால் வலது மூளை பாதித்த சிலருக்குப் பேச்சு தெளிவாகவே இருக்கும். ஆனால் பிறரின் கிண்டல், சாடைப் பேச்சு, குரலில் உள்ள வருத்தம் பிடிபடாது. எல்லோருக்கும் அல்ல. அப்படிப்பட்டவரிடம் மனைவி “வெயில் ஏறுதுங்க” என்றால், “ஆமா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருப்பார். வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு வேதனை தருவது அதுதான். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். “எழுந்திருங்க, கிளம்பலாம்” என்று நேராகச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் இதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.