“விழுந்தா யார் பொறுப்பு?” என்று கேட்டவர்களுக்கு

மூன்று நாளாக அந்த மரமேறும் வீடியோவைத்தான் ஆளாளுக்குத் திட்டுகிறீர்கள். ஐந்து வயதுக் குழந்தை கிளையில், அம்மா மரத்தடியில். “இவளெல்லாம் அம்மாவா?” என்று எழுதியவர்கள் அந்த அம்மாவின் கைகளைக் கவனித்தீர்களா? ஒரு தடவைகூடக் குழந்தையைத் தூக்கிவிடவில்லை. அது தானாகத்தான் ஏறுகிறது. அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

தானாக ஏறும் குழந்தைக்கு வந்த வழி கைக்கும் காலுக்கும் தெரியும். முடியாத இடத்தில் நின்றுவிடும். நாம் தூக்கி உட்காரவைத்த கிளையிலிருந்து இறங்க அதற்கு வழியே தெரியாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், கால் வைக்கும் இடம் கண்ணில் படாது. ஆகவே இறங்கத்தான் சொல்லித்தர வேண்டும். முகம் மரத்தைப் பார்த்திருக்க, இரண்டு கையும் ஒரு காலும் பிடியில் இருக்க, மற்றக் காலால் துழாவி, அது நன்றாக ஊன்றிய பிறகே கையை மாற்ற வேண்டும். கிளையின் நுனிப்பக்கம் மிதிக்காமல் அடிமரத்தோடு சேரும் இடத்தில் மிதிக்க வேண்டும். பெரியவர் மணிக்கட்டைவிட மெல்லிய கிளை வேண்டாம். மற்ற கிளைகள் தழைத்திருக்க, ஒன்று மட்டும் இலையில்லாமல் பட்டை உரிந்திருந்தால் அது பட்டுப்போனது. மழை நனைத்த மரத்தில் அன்று ஏறவே விடாதீர்கள். “பாத்து, பாத்து” என்று கத்தினால் எதைப் பார்ப்பது? “இடது காலுக்குக் கீழ ஒரு கணு இருக்கு, தெரியுதா?” என்று கேளுங்கள்.

“விழுந்தால்?” விழலாம். அந்த வயதில் கையை ஊன்றி விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அடிக்கடி நடப்பதுதான். சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயரத்தை மட்டும் பார்க்கிறீர்களே, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? பூங்காவில் சிமெண்ட் தரைக்கு மேல் ஏறி விளையாடும் கம்பிக்கூண்டு வைத்தால் குறைந்த உயரமும் மண்டையை உடைக்கும். மணலோ மரச்சீவலோ 9 அங்குல ஆழமாவது வேண்டும். அதிலும் ஊஞ்சலுக்கு அடியில் கால் உதைத்து உதைத்து மணல் ஒதுங்கிவிடும். குழந்தை விழும் இடத்திலேயே தரை கட்டாந்தரையாகிவிடும். அவ்வப்போது வாரி நிரப்பணும்.

குழந்தை கண்ணால் பார்த்து எடைபோட முடிந்த ஆபத்து வேறு, பார்க்கவே முடியாத ஆபத்து வேறு. தடுக்க வேண்டியது இரண்டாவதை. கம்பிகளுக்கு நடுவே மூன்றரை முதல் 9 அங்குலம் வரை இடைவெளி இருந்தால் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். சட்டைத் தொப்பியின் கயிறு சறுக்குமர உச்சியில் சிக்கினால் கழுத்தை இறுக்கும். சைக்கிள் ஹெல்மெட்டோடு ஏறவிட்டாலும் அதே கதி. சைக்கிளிலிருந்து இறங்கியதும் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவிட வேண்டும். பயந்துபோய்க் குழந்தையை மடியில் வைத்துச் சறுக்குகிறீர்களே, அதன் கால் ஓரத்தில் மாட்டினால் உங்கள் எடை முழுக்க அந்தக் காலில்தான். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே கீழ்க்கால் எலும்பை முறிக்கிறது.

“அப்போ தண்ணீரிலும் விட்டுவிடுவீர்களா?” என்று ஒருவர். மாட்டேன். சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தமில்லாமல் மூழ்கும். அங்கே கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி வாதாடாதீர்கள்.

“இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் மரமேறுவதா ஃபேஷன்? நியூசிலாந்தின் டுனிடினில் 1972–73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 5 முதல் 9 வயதுக்குள் விழுந்து பலமாக அடிபட்டவர்களிடம் 18 வயதில் உயரத்தைக் கண்டு பயம் கூடவில்லை, குறைவாகத்தான் இருந்தது. கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கமே 2024இல் இப்படிப்பட்ட விளையாட்டுக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டது. எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் அவர்கள்.

அந்த அம்மா வீடியோவை நீக்கிவிட்டார். மனசு ஆறவில்லை. அதில் ஓரிடத்தில் குழந்தை ஒரு கிளையில் கால் வைத்து லேசாக அழுத்திப் பார்க்கிறது. கிளை ஆடுகிறது. காலை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் போகிறது. யாரும் சொல்லித் தரவில்லை. திட்டிய அவசரத்தில் அதை நீங்கள் பார்க்கவே இல்லை.