சீஃபை ஃபைலுக்குப் பின்னாடி உக்கார வைக்காதீங்க

கடற்படைனாலே எல்லாரும் கேப்டனப் பத்திதான் பேசுறாங்க. எனக்கு சீஃப் பெட்டி ஆபீசர்ங்கள பத்தி பேசணும், சுருக்கமா சீஃப். பேர்ல ஆபீசர்னு இருந்தாலும் இவங்க ஆபீசர் வரிசையில இல்ல, மாலுமிங்க வரிசைதான். சாதாரண மாலுமியா சேந்து, வருஷக்கணக்கா கடல்லயே கெடந்து, படிப்படியா மேல வந்தவங்க. அமெரிக்க நேவில 1893-லயே இந்த ரேங்க் வந்துடுச்சு, அதுக்கு மேல சீனியர் சீஃப், மாஸ்டர் சீஃப்னு 1958-ல சேத்தாங்க, 1967-ல டெல்பர்ட் பிளாக்குங்கிறவர மொத்த நேவிக்கும் தலைமை மாஸ்டர் சீஃபா உக்கார வச்சாங்க. அவங்க கோஸ்ட் கார்டுல சின்ன மீட்புப் படகு ஸ்டேஷன் பலதுக்கு பொறுப்பே சீஃப்தான், ஸ்டேஷன்ல ஆபீசரே கிடையாது.

ஆபீசர் அகாடமி முடிச்சு வர்ற சின்னப் பையன் ரேங்க்ல சீஃபுக்கு மேல, ஆனா பம்ப் சத்தம் லேசா மாறுனா பேரிங் போகப்போகுதுன்னு சொல்றது சீஃப். கயிறு இழுபட்டு விறைச்சு நிக்கிறப்ப அது அறுந்தா எந்தப் பக்கம் அடிக்கும்னு தெரிஞ்சு புதுப்பையன சட்டையப் பிடிச்சு இழுக்குறதும் அவர்தான். அதே ஆள் ஆபீசர்கிட்ட தனியா போய் "சார், இது வேணாம்"னு சொல்லவும் செய்யணும், என்னைக் கேட்டா அவர் வேலையிலயே பெரிய வேலை அதுதான்.

இந்த மாதிரி அனுபவ அறிவு இல்லாம போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2017 ஆகஸ்ட் 21 ஒண்ணு போதும். சிங்கப்பூர் பக்கத்துல அமெரிக்க நேவியோட ஜான் எஸ். மெக்கெய்ன் போர்க்கப்பல், விடியறதுக்கு முன்னாடி, சுத்தி ஒரே கப்பல் நெரிசல். ஸ்டியரிங் புடிச்சிருந்தவருக்கு ஸ்டியரிங், வேகம்னு ரெண்டு வேலையும் சேத்துப் பாக்க முடியலன்னு வேகத்த மட்டும் பக்கத்து கன்சோலுக்கு, அதாவது பக்கத்து கன்ட்ரோல் மேசைக்கு, மாத்தச் சொன்னாங்க, ஆனா ஸ்டியரிங்கும் சேந்து அங்க போயிடுச்சு, அது தெரியாம ஸ்டியரிங்கே செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டாங்க, வேகத்தக் குறைச்சப்ப ஒரு பக்க புரொப்பல்லர் மட்டும் குறைஞ்சு கப்பல் இடது பக்கம் திரும்பி ஒரு டேங்கர் முன்னாடி போய், ரெண்டும் மோதிடுச்சு. 10 மாலுமிங்க செத்தாங்க. நேவியோட சொந்த அறிக்கையே சொல்லுது, அந்த வாட்ச்ல (ட்யூட்டி முறையில) நின்ன ஆளுங்களுக்கு ட்ரெயினிங் சரியா நடக்குதான்னு பாக்க வேண்டியவங்களுக்கே விஷயம் போதுமான அளவு தெரியலன்னு. படிக்கும்போது வயிறு எரிஞ்சது. தப்பு சீஃப்ங்க மேல மட்டும்னு சொல்ல மாட்டேன், ஆபீசருங்களுக்கும் தெரியல. ஆனா அந்த பட்டன எப்படி அமுக்கணும்னு பக்கத்துல நின்னு கத்துக்கொடுக்குற வேலை காலங்காலமா சீஃப் வேலைதானே!

அப்புறம் பீட்டர் டோமிச். 1941-ல பேர்ல் ஹார்பர ஜப்பான் தாக்குனப்ப யூட்டா கப்பல் கவிழுதுன்னு தெரிஞ்சும் தன் பசங்க அத்தனை பேரும் பாய்லர் ரூம விட்டு வெளிய போற வரைக்கும், எல்லா பாய்லரும் அணையற வரைக்கும் அங்கயே நின்னு உயிர விட்ட சீஃப். பாய்லர் ரூம்ல நின்னாரு, கவனிங்க, ஆபீஸ் ரூம்ல இல்ல.

இப்ப அந்த மாதிரி ஆளத்தான் இன்ஸ்பெக்ஷன் ஃபைல், மெயில், ட்ரெயினிங் ரெக்கார்டுல டிக் அடிக்கிறதுன்னு கம்ப்யூட்டர் முன்னாடி கட்டிப்போடுறாங்க. ரெக்கார்டுல எல்லா டிக்கும் இருக்கும், பையனுக்கு கன்சோல் தெரியாது. ஃபைல் வேலைக்கு கரைல தனி ஆளப் போடுங்க. ப்ரமோஷன் குடுக்குறப்ப எத்தனை கமிட்டில இருந்தாருன்னு பாக்காம, அவர்கிட்ட கத்துக்கிட்ட பசங்களத் தனியா வாட்ச்ல நிக்க வச்சுப் பாருங்க.